சிவப்பு நூல் கட்டிய தூர்கள்: நன்மங்கலம் பக்கம் ஐந்து நாள்

முதல் நாள், ஜூன் 2, இரவு

சென்னைப் புறநகர் சேலையூரிலிருந்து பக்கத்து மேடவாக்கம் சாலைக்குப் போய்வருவதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று வீட்டிலேயே கேலி செய்தாகிவிட்டது. கிளம்பும் முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன், என்ன செய்ய. அண்ணன் மகள் லாஸ் வேகாஸிலிருந்து லீவில் வந்திருக்கிறாள். மொஹாவி பாலைவனத்தில் தீயில் எரிந்த இடங்களில் புதர்களை மீண்டும் வளர்க்கும் வேலை. அவளோடு நடந்தால் கால் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். எதைப் பார்த்தாலும் குந்தி உட்கார்ந்துவிடுவாள்.

மீனம்பாக்கத்திலிருந்து வந்து, குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டதும் அம்மா விசாரணையைத் தொடங்கினாள்.

"அங்க மழை தண்ணியெல்லாம் எப்படி?"

"வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பாட்டி."

நான் குறுக்கே விழுந்து 2015 டிசம்பர் 1-ஆம் தேதி கதையைச் சொன்னேன். அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். லாஸ் வேகாஸ்காரர்களின் கிட்டத்தட்ட ஐந்து வருஷத்து மழை எங்கள் தெருவில் ஒரு நாளில் இறங்கியது. அம்மாவுக்கு அந்தக் கதை பழசு. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி: "பத்து சென்டிமீட்டர் மழையில என்னத்த மொளைக்கும், என்னத்த எரியும்?"

எரியக் கூடாதுதான். பாலைவனத்தில் ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவே வெறும் மண் கிடக்கும். மின்னல் விழுந்தால் ஒன்றிரண்டு புதர் எரியும், தீ தாண்டப் பாலம் இல்லாமல் அங்கேயே அணையும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதுதான் நடைமுறை. அந்தப் பாலத்தைப் போட்டது வெளியிலிருந்து வந்த புல். மத்தியதரைக்கடல் பக்கத்துப் புல் வகைகள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. குளிர்காலத்தில் கொஞ்சம் கூடுதலாக மழை பெய்த வருஷம் புதர்களுக்கு இடையே மண் தெரியாமல் முளைக்கும், கோடையில் காய்ந்து சருகாகும். பிறகு ஒரு பொறி போதும்.

போனில் படம் காட்டினாள். சீமா டோம் என்ற மேட்டுநிலம். 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து 43,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்தப் பாலைவனத்துக்கே உரிய ஜோஷுவா மரங்கள் சுமார் 13 லட்சம் போயின. ஏக்கர் கணக்கு எனக்கு மண்டையில் ஏறாது, அதனால் கிண்டி தேசியப் பூங்காவால் வகுத்துப் பார்த்தேன். அறுபதுக்கும் மேற்பட்ட கிண்டிப் பூங்காக்கள். 2023 ஜூலைக் கடைசியில் பக்கத்திலேயே இன்னொரு தீ, அதில் 93,000 ஏக்கர்.

படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. மே முதல் வாரம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய சமயம், நன்மங்கலம் காப்புக்காட்டுக்கு வெளியே ஒரு புறம்போக்கு மேட்டில் புல் பற்றி எரிந்ததை ஆபீஸ் போகும்போது பார்த்தேன். சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். பதினெட்டு மணி நேரம் பறந்து வந்த பெண், காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறாள்.

இரண்டாம் நாள், ஜூன் 3

ஸ்கூட்டரை ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினோம். காப்புக்காட்டுக்குள் போகவில்லை, அதற்கு அனுமதி வேண்டும். வெளியே இருந்த இந்த மேடு இரண்டு ஏக்கர் இருக்கலாம். பழைய கல்குவாரியின் உடைசல் ஒரு பக்கம், பின்னால் புதிதாக எழும் அடுக்குமாடிகள். பார்த்த உடனே எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் சொல்கிறேன்: எல்லாம் செத்துவிட்டது. கறுத்த குச்சிகள், வெளுத்த சாம்பல், ஓட்டை பிளாஸ்டிக் உருகி ஒட்டிய பாறை. கால் வைத்தால் பொடிப்பொடி என்று உடைந்தது.

அவள் முதல் குச்சியிடமே உட்கார்ந்துவிட்டாள். களாச்செடி. நகத்தால் கிளையைக் கீறினாள், உள்ளே பழுப்பு. கொஞ்சம் கீழே கீறினாள், பழுப்பு. இன்னும் கீழே, தரையை ஒட்டி, பழுப்பு. எனக்குப் போதும் என்று தோன்றியது. அவள் தூரைச் சுற்றி மண்ணை விரலால் தள்ளினாள். இரண்டு விரற்கடை ஆழத்தில் மீண்டும் கீறினாள். பச்சை. அதற்குப் பக்கத்தில் அரிசி அளவுக்கு ஒரு சிவந்த மொட்டு, மண்ணை முட்டிக்கொண்டு.

"இதுக்குத் தமிழ்ல என்ன சித்தப்பா?"

"கரும்பு வெட்டின பிறகு அடிக்கட்டையிலிருந்து வருமே, மறுதாம்பு. அதேதான்."

அவளுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இவ்வளவுதான். புல்தீ வேகமாக ஓடும். ஒரு இடத்தில் அது நிற்பது ஒன்றிரண்டு நிமிஷம். மேலே பல நூறு டிகிரி இருந்தாலும், காய்ந்த மண் சூட்டை எளிதில் கீழே விடாது. நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வேருக்குப் பெரிதாக எதுவும் தெரியாமலே தீ தாண்டிப் போயிருக்கும். தூரில் உறங்கும் மொட்டுகள் எப்போதும் உண்டு. கிளை நுனியில் சுரக்கும் ஒரு ஹார்மோன் கீழே இறங்கி அவற்றை வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனி எரிந்தால் அடக்க ஆளில்லை. வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துத் தின்றுகொண்டு மொட்டுகள் கிளம்பிவிடும். மழைகூட வேண்டாம். இந்த மேட்டில் மே மாதத் தீக்குப் பிறகு உருப்படியாக ஒரு மழையும் இல்லை, ஆனாலும் துளிர்.

வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் அந்த மாவுச்சத்து சமாசாரம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வைப்புத் தொகையை உடைத்துக் குடும்பம் நடத்துவது. இலை விரிந்து, திரும்பச் சம்பாதித்து, வேரில் போட்டு நிரப்பும்வரை கையில் காசு கிடையாது. அதற்குள் இன்னொரு தீ வந்தால்? "அங்கதான் சித்தப்பா போயிடும். முதல் தீயை விட ரெண்டாவது தீதான் ஆபத்து" என்றாள்.

வீட்டிலிருந்து தையல் மிஷினின் சிவப்பு நூல்கண்டை எடுத்து வந்திருந்தாள். (என் மனைவிக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.) ஒவ்வொரு தூராக மண் விலக்கிப் பார்த்து, உயிர் இருந்தால் கறுத்த குச்சியில் ஒரு முடிச்சு. ஏழரை மணிக்குள் நாற்பது தூர் பார்த்தோம். இருபத்தேழில் பச்சை. ஆறு சந்தேகம். ஏழு போய்விட்டன.

அந்த ஏழும் ஒரே இடத்தில் இருந்தன. யாரோ முள் வெட்டிக் குவித்து வைத்திருந்த இடம் அது. குவியல் ஓடாது, உட்கார்ந்து மணிக்கணக்கில் கனலும். அங்கே மண்ணே செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. கங்கின் கீழே எந்த மொட்டும் தப்பாது.

செடிக்குச் செடி வித்தை வேறு. வெப்பாலையும் விடத்தலையும் தூரிலிருந்து வருகின்றன. விடத்தலை ஒரு படி மேலே போய், பக்கவாட்டு வேரிலிருந்து ஒரு முழம் தள்ளிக்கூடக் குத்துக்குத்தாக எழுந்திருக்கிறது. சிற்றீச்சம் புதர் வெளியே கரி, நடுவில் குருத்து பச்சையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. பனை, ஈச்சை வகைக்கு மற்ற மரங்கள்போல் பட்டையின் அடியில் உயிர் ஓடும் மெல்லிய படலம் இல்லை. சாறு ஓடும் நாளங்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதால் வெளிப்புறம் கருகினாலும் உள்ளே வேலை நடக்கும். குருத்தை மட்டைகளின் அடி பொத்திப் பொத்தி வைத்திருக்கும். விராலி மட்டும் அப்படியே குச்சியாக நிற்கிறது. அதன் நம்பிக்கை விதையில். தோல் கெட்டியான விதை, சாதாரணமாகத் தண்ணீரே உள்ளே புகாது. சூடு பட்டு அந்தத் தோல் விட்டுக்கொடுத்தால் அடுத்த மழையில் முளைக்கும்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நாங்கள் குச்சிக்குக் கயிறு கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேண்டுதலாம்மா?" என்றார். விளக்கியதும், "இதுக்கு எதுக்கு இத்தினி படிப்பு? தூரு கெடந்தா வரும். ஆடு வாய் வைக்காம இருந்தா சீக்கிரம் வரும். என் ஆடுதான் வாய் வைக்குது, நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அமெரிக்காவில் சொல்லும் பாடமும் அதுதானாம். எரிந்த ஜோஷுவா மரம் அடியிலிருந்து துளிர்த்தால், வேறு பச்சை இல்லாத காலத்தில் முயல்களும் எலிகளும் அதைத்தான் மொய்க்கும். 1999-ல் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் எரிந்தவற்றில் ஐந்து ஆண்டுக்குள் சுமார் 80 சதவீதம் செத்தன. துளிர்ப்பது ஒன்று, பிழைப்பது வேறொன்று.

இறங்கும்போது குவாரி ஓரத்தில் ஒரு புல் குத்து. எரிந்த தூரிலிருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் முழங்கால் உயரம் வளர்ந்து கதிரும் விட்டிருந்தது, நரிவால் மாதிரி. அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஒன்றும் சொல்லாமல் ஒரு கதிரைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள், ஜூன் 4

காலையில் மின்சார ரயிலில் கிண்டி. தீயே படாத புதர்க்காடு எப்படி இருக்கும் என்று ஒப்பிட வேண்டுமாம். தேசியப் பூங்காவின் உள்காட்டுக்குள் விடமாட்டார்கள், சிறுவர் பூங்கா வேலி வழியாக எட்டிப் பார்த்ததோடு சரி. 1978-ல் தேசியப் பூங்கா ஆன இடம், 2.7 சதுர கிலோமீட்டர், நாலாபுறமும் நகரம். புதர்களின் அடியில் சருகு மெத்தைபோல் கிடந்தது. "இது பத்திக்கிட்டா புதருக்கு அடியிலதான் சூடு அதிகம்" என்றாள். பாலைவனத்திலும் அப்படியே. புதரின் நிழலில் ஒதுங்கிய விதைகள் வெந்துவிடும், வெட்டவெளியில் கிடந்தவை தப்பிக்கும். நல்ல இடம் பார்த்து உட்கார்ந்தவனுக்குத்தான் அடி. வெயில் தாங்காமல் பதினோரு மணிக்கே திரும்பிவிட்டோம். கிண்டி ஸ்டேஷன் வாசலில் நுங்கு வாங்கியதுதான் இன்றைய பயணத்தின் உருப்படியான பகுதி.

மற்றதெல்லாம் வீட்டில் நடந்தது. நேற்றைய புல் கதிரை மேஜையில் வைத்திருந்தாள். அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது கொழுக்கட்டைப் புல்லுல்ல? மாடு உசுரை விடும் இதுக்கு" என்றாள். கொழுக்கட்டை என்றதும் பக்கத்து அறையிலிருந்து என் பையன் ஓடி வந்தது தனிக் கதை.

அண்ணன் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். காங்கேயம் பக்கம் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக்குத் தீனியாக வளர்ப்பார்களே, அதே புல்தான் அரிசோனாவில் வில்லன். வறட்சியைத் தாங்கும், மண்ணைப் பிடிக்கும் என்று போன நூற்றாண்டில் தீவனத்துக்காகக் கொண்டுபோய் விட்டார்கள். ஆப்பிரிக்காவும் நம் பக்கமும் அதன் தாய்வீடு. அங்கே போய் சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே பரவி, காய்ந்து, தீக்குப் பாலம் போட்டது. எரிந்தால் அது தூரிலிருந்து ஒரே மாதத்தில் எழுந்துவிடும். சகுவாரோவுக்கு மறுதாம்பு என்ற வித்தையே தெரியாது. டூசான் நகரைச் சுற்றிய மலைகளில் லீவு நாளில் மக்கள் கடப்பாரையோடு போய் இந்தப் புல்லைத் தோண்டி எறிகிறார்களாம்.

அம்மாவுக்கு இது அவமானமாகப் பட்டிருக்க வேண்டும். "அவங்க மட்டும் ஒழுங்கா? வேலிக்கருவையை யாரு கொண்டாந்து விட்டா?" என்றாள்.

நியாயம்தான். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1870-களில் மதராஸ் மாகாணத்தின் கடப்பைப் பக்கம் விறகுக்காக விதைத்தது. அதன் ஒன்றுவிட்ட சகோதரன் மெஸ்கிட்தான் இவள் வேலை செய்யும் பக்கத்துப் பாலைவனங்களில் தீக்குப் பிறகு முதலில் தலை தூக்குபவன். அம்மா முதுகுளத்தூர்க்காரி. கரிமூட்டம் போட்ட குடும்பம். வேலிக்கருவையை அடியோடு வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுவார்கள். நாலைந்து வருஷம் கழித்து அதே தூரில் வெட்டலாம். "தரைக்கு மேல எத்தனை தடவை வெட்டினாலும் அது கவலைப்படாது. தூரோட பறிச்சாத்தான் சாகும்." அண்ணன் மகள் இதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குத் தெரிந்து என் அம்மாவின் பேச்சை யாரும் நோட்டில் எழுதியது இதுதான் முதல் தடவை.

அவளுடைய சொந்தக் கவலை வேறு செடியைப் பற்றியது. கிரியோசோட் புதர். மொஹாவியில் கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான். கலிபோர்னியாவில் ஒரு வட்டப் புதரை 11,700 ஆண்டு வயது என்று கணித்திருக்கிறார்கள். நடுத்தூர் செத்துக்கொண்டே போக, சுற்றிலும் புதுத்தூர் விட்டு, வளையம் அகன்று அகன்று வந்திருக்கிறது. அவ்வளவு காலமும் மறுதாம்பிலேயே பிழைத்த செடி, கடும் தீ பட்டால் பெரும்பாலும் எழுவதில்லை. இலையெல்லாம் பிசின், கொழுந்துவிட்டு எரியும். மொட்டுகளும் மேலாகவே இருக்கும். வறட்சியைப் பார்த்த செடி, தீயைப் பார்த்ததில்லை. லேசாகக் கருகினவை சில தப்பும். பிளாக்பிரஷ் என்ற இன்னொரு புதர் அதுவும் இல்லை, விதை ஒன்றே கதி. அந்த விதையையும் கங்காரு எலிகள் புதைத்து வைத்து மறந்தால்தான் உண்டு. எரிந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் குளோப்மல்லோ பூத்துக் குலுங்கும், பார்ப்பவர்கள் பாலைவனம் திரும்பிவிட்டது என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பழைய புதர்க்கூட்டம் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். சிலது இவள் பேத்தி காலத்திலும் வராது. சீமா டோமில் ஜோஷுவா நாற்றுகளைச் சுமக்க ஒட்டகங்களைக் கொண்டுவந்தார்கள் என்று படம் காட்டினாள். அம்மா ஒட்டகத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

நான்காம் நாள், ஜூன் 5

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் தினம் எழுதுவதாக ஒப்புக்கொண்டாயிற்று.

காலை ஆறரைக்கு மேட்டுக்குப் போனால் ஜேசிபி நிற்கிறது. பந்தல், ஸ்பீக்கர், பச்சை டீஷர்ட் போட்ட நாற்பது ஐம்பது பேர். சுற்றுச்சூழல் தினம். "எரிந்து பாழான நிலத்தைப் பசுமையாக்குவோம்" என்று பேனர். ஜேசிபி முந்தின நாள் மாலையே வேலையைத் தொடங்கியிருக்கிறது. கறுத்த குச்சிகளைக் கரண்டியால் வழித்து ஓரத்தில் தள்ளி, வரிசையாகக் குழி எடுத்து வைத்திருந்தார்கள். குவியலில் சிவப்பு நூல் தெரிந்தது. களாத்தூர், வேரோடு. அடியில் துளிர் அதற்குள் வாடியிருந்தது.

தீ செய்யாததை ஒரே மாலையில் செய்து முடித்துவிட்டார்கள். அம்மா நேற்றுச் சொன்னதுதான், தூரோடு பறித்தால் சாகும்.

யார் நடத்தியது என்று இங்கே எழுதப் போவதில்லை. வந்திருந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், ஞாயிறு தூக்கத்தை விட்டுக்கொடுத்துக்கூட வரக்கூடியவர்கள். பொறுப்பாளர்போல் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். "சார், இதெல்லாம் வெறும் புதர், முள். நாங்க வைக்கிறது மரம்" என்றார். புங்கன், பூவரசு, மகிழம். நல்ல மரங்கள்தான். சென்னையில் ஜூன் மாதம் பாறை மேட்டில் வைத்தால் அக்டோபர் மழை வரை யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டேன். டேங்கர் லாரி வரும் என்றார். வரட்டும். மூன்று அடி வேர் ஏற்கெனவே போட்டு, ஐந்து வாரம் தண்ணீரே கேட்காமல் துளிர்த்த செடியைப் பிடுங்கிவிட்டு, அரையடித் தொட்டி வேரோடு ஒரு கன்றை வைத்து அதற்கு லாரி. கணக்கு எனக்கு உதைக்கிறது.

நான் குரலை உயர்த்தியிருப்பேன். அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவளே போய் அந்தப் பிள்ளைகளில் நான்கு பேரை உட்கார வைத்து, குழி எடுக்காத பக்கத்தில் ஒரு வெப்பாலைத் தூரின் மண்ணை விலக்கிக் காட்டினாள். நகத்தால் கீறச் சொன்னாள். பச்சை தெரிந்ததும் ஒரு பெண் "ஐயோ" என்றாள். அவ்வளவுதான், அதற்குள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள், போட்டோவுக்கு.

அந்தப் பெண் மட்டும் போட்டோ முடிந்து திரும்பி வந்து, மிச்ச நூல் இருக்கிறதா என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள், ஜூன் 6

நேற்றிரவு மழை. ஒன்பது மணிக்கு மேற்கே மின்னி, அரை மணி நேரம் அடித்துப் பெய்தது. மாடியில் நின்றுகொண்டு அவள் மூக்கை உறிஞ்சினாள். மொஹாவியில் மழை வந்தால் மண் மணக்காதாம், கிரியோசோட் இலையின் பிசின்தான் மணக்கும், தார் போட்ட ரோடு மாதிரி. அங்கே வளர்ந்தவர்களுக்கு அதுதான் மண்வாசனை. எரிந்த இடங்களில் மழை பெய்தாலும் அந்த வாசம் வராது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை கடைசியாக ஒருமுறை போனோம். குழிகளில் தண்ணீர் நின்றது. இரண்டு கன்றுகள் சாய்ந்து கிடந்தன, நிமிர்த்தி மண் அணைத்தோம். அவற்றின் மேல் என்ன கோபம். நூல் கட்டிய இருபத்தேழில் பதினான்கு மிச்சம். சந்தேகக் கேஸ் ஆறில் இரண்டு துளிர்த்திருந்தன, ஒன்று சூரை. விடத்தலை குழிக்கு உள்ளேயே, ஜேசிபி அறுத்த வேரின் முனையிலிருந்து கிளம்பப் பார்க்கிறது. பார்த்துச் சிரித்துவிட்டோம். விராலி முளை ஒன்றும் காணோம். ஒரு மழைக்கே எதிர்பார்ப்பது அதிகம்.

புதிதாகக் கட்டின நூல்கள் எங்களுடையவை இல்லை. நீல நிறக் கம்பளி நூல், பதினொன்று எண்ணினேன்.

ஆட்டுக்காரர் தூரத்தில் நின்றார். இந்தப் பக்கம் இரண்டு மாதம் ஓட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். "வேற எங்க ஓட்டறது, சொல்லுங்க" என்று அடுக்குமாடிகளைக் காட்டினார். பதில் இல்லை. குவாரிப் பக்கத்துக் கொழுக்கட்டைப் புல்லைக் காட்டினேன், அங்கே ஓட்டுகிறேன் என்றார். ஆடு அதைத் தின்று குறைத்தால் அடுத்த கோடையில் எரியவும் குறைவாக இருக்கும் என்று அண்ணன் மகள் சொல்கிறாள். பார்க்கலாம்.

நாளை விடிகாலை மூன்று மணிக்கு அவளுக்கு ஃப்ளைட். நூல்கண்டு என்னிடம். ஐப்பசி மழை விட்டதும் போய் எண்ணிவிட்டு எழுதுகிறேன்.